எழுதுவதும் தைப்பதும்: பிரிக்கக் கற்றுக்கொடுப்பவர் யார்?

தையல்நாயகி எழுதியது:

தையல் வகுப்பில் சேர்பவர் கையில் முதல் வாரமே புதுத்துணியைக் கொடுப்பதில்லை. ரவிக்கையின் முன்பாகம், பின்பாகம், கை என்று செய்தித்தாளில் வரைந்து வெட்டச் சொல்கிறார்கள். அடுத்து, பழைய வேட்டித் துண்டில் கோடு போட்டு அதன்மேல் நேராகத் தைக்கச் சொல்கிறார்கள். தைத்து முடித்ததும் அதையே பிரிக்கச் சொல்கிறார்கள். துணி கிழியக்கூடாது, இழை உருவிக்கொண்டு வரக்கூடாது. ஒரு பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒன்றாக அறுத்துவிட்டு, மறுபக்கத்து நூலை ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு கைப்பக்குவம் தேவை. அதைத் தனிப்பாடமாகவே கற்றுத்தருகிறார்கள்.

எழுத வருகிறவருக்கு இதை யார் கற்றுத்தருகிறார்கள்? பள்ளியில் கட்டுரை எழுதினோம், மதிப்பெண் வந்தது, அடுத்த தலைப்புக்குப் போனோம். எழுதிய பத்தியைப் பிரித்து, நடு வாக்கியத்தை வெளியே எடுத்து, இரண்டு முனைகளையும் மறுபடி சேர்க்கும் வேலையை எந்த வகுப்பிலும் நாம் செய்யவில்லை. அதனால்தான் கதை எழுதும் நண்பர்களிடம் "இந்தப் பத்தியை எடுத்துவிடலாமே" என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் "கை ஏறி நிற்கிறது, பிரித்துத் தைத்துவிடு" என்று சொல்லிப்பாருங்கள். அவள் பிளேடைத் தேடுவாள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரவிக்கையின் பக்கத் தையலில் 1 முதல் 1½ இன்ச் வரை உள்ளே துணி விடுகிறோம். உடம்பு பருத்தால் பிரித்து விரித்துக்கொள்ளலாம். வெளியே தெரியாத இந்தத் துணியால்தான் ஒரு ரவிக்கை பல வருடம் உழைக்கிறது. கதையிலும் எழுத்தாளருக்குத் தெரிந்து வாசகருக்குச் சொல்லாமல் விட்டது நிறைய இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். பாத்திரத்தின் பிறந்த ஊர், அவளுடைய முதல் சம்பளம், அவள் யாரோடு பேசுவதில்லை என்பது எல்லாம் எழுதுபவருக்குத் தெரிந்திருந்தால் போதும். கதை வளரும்போது பிரித்து எடுத்துக்கொள்ள இடம் இருக்கும். அளவோடு ஒட்ட வெட்டிய கதையில் அப்புறம் ஒரு வாக்கியம் கூடச் சேர்க்க முடியாது.

எழுத்தைக் கைத்தொழிலாகப் பார்ப்பது அதன் மதிப்பைக் குறைக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அது அதன் மதிப்பைக் காப்பாற்றுகிறது என்பது என் எண்ணம். இங்கே தைக்கிறவர்களும் இருக்கிறீர்கள், எழுதுகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் அனுபவம் என்ன?

---

செங்காந்தள் எழுதியது:

அக்கா, நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். மறுபாதியில் இந்த ஒப்புமை நிற்கவில்லை.

தையலில் பிரிக்கலாம். வெட்டியதை ஒட்ட முடியுமா? கழுத்தை அரை இன்ச் கூடுதலாக இறக்கி வெட்டிவிட்டால் அந்தத் துணி போனதுதான். தையல்காரர் பயப்படுவது கத்தரிக்கோலுக்கு, ஊசிக்கு அல்ல. எழுத்தில் அந்தப் பயமே கிடையாது. நேற்று நீக்கிய பத்தியை இன்று திரும்ப வைக்கலாம். பழைய படியைத் தனியாகச் சேமித்துக்கொண்டு புதிதாகத் தொடங்கலாம். திரும்ப முடியாத இடம் ஒன்று இருப்பதால்தான் தைப்பவருக்கு அந்தக் கவனம் வருகிறது. எழுதுபவருக்கு அப்படி ஓர் இடமே இல்லை.

இரண்டாவது, தையலுக்கு ஓர் உடம்பு இருக்கிறது. மார்பளவு 36 என்றால் 36. சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கதைக்கு எந்த உடம்பில் அளவெடுப்பது? என் அம்மாவுக்குப் பிடித்த கதை என் தோழிக்குப் பிடிப்பதில்லை. அளவே இல்லாத ஒரு பொருளைப் பிரித்துத் தைத்துக்கொண்டே இருந்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. பலர் ஒரே கதையை ஆண்டுக்கணக்கில் திருத்திக்கொண்டு அடுத்த கதைக்கே வராமல் போவதற்கு இதுதான் காரணம்.

---

தையல்நாயகி எழுதியது:

வெட்டுவது பற்றி நீங்கள் சொன்னது சரி. அதற்காகத்தான் செய்தித்தாள். விலை உயர்ந்த துணி என்றால் முதலில் மலிவான காடாத் துணியில் முழு உருப்படியையும் தைத்துப் போட்டுப் பார்த்த பிறகே நல்ல துணியில் கத்தரி வைப்பவர்களும் உண்டு. திரும்ப முடியாத இடத்துக்கு முன்னால் திரும்பக்கூடிய இடங்களை வேண்டுமென்றே உருவாக்கிக்கொள்கிறார்கள். எழுதுபவருக்கும் திரும்ப முடியாத இடம் ஒன்று இருக்கிறது. அச்சுக்குப் போவது, பிறர் கண்ணில் படுவது. அதற்கு முன்னால் எத்தனை முறை வேண்டுமானாலும் காடாத் துணியில் வெட்டலாம்.

எல்லாத் துணியையும் ஒரே மாதிரி பிரிக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பருத்தியில் ஊசித் துளை ஒரு சலவையில் மூடிக்கொள்ளும். பட்டில் மூடாது. அதனால் பட்டு என்றால் முதலில் நூலோட்டி, அதாவது தற்காலிகமாகப் பெரிய தையல் போட்டுப் பார்ப்போம், அதுவும் தையல் கோட்டுக்கு வெளியே, உள்ளே மடிந்து போகிற பகுதியில். கவிதையை நான் அப்படித்தான் பார்க்கிறேன். உரைநடைப் பத்தியை நாலு முறை பிரித்தாலும் தடம் தெரியாது. கவிதையில் ஒரு சொல்லை மாற்றினால் முன்னால் இருந்த சொல்லின் துளை தெரிகிறது, ஓசை தட்டுகிறது.

அளவு பற்றிய கேள்விக்கு வருகிறேன். 36 அளவுள்ளவருக்குச் சரியாக 36 வைத்துத் தைத்தால் கையைத் தூக்க முடியாது, மூச்சை இழுத்துவிட முடியாது. உடம்பளவுக்கு மேல் தளர்வு சேர்த்தால்தான் அது உடுப்பு. நல்ல தையற்காரி உடம்பை அளப்பதோடு நிற்பதில்லை, அந்த உடம்பு என்னென்ன செய்யப்போகிறது என்றும் யோசிக்கிறாள். நாற்று நடப் போகிறவருக்கும் கல்யாண வீட்டுக்குப் போகிறவருக்கும் ஒரே அளவு இருக்கலாம், ஒரே தளர்வு இருக்க முடியாது. வாசகருக்கு விட வேண்டிய இடத்தை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். எல்லாவற்றையும் விளக்கிவிட்ட கதையில் வாசகர் கையைத் தூக்க முடியாது.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

இந்த ஒப்புமை நம்மிடம் பழையது. நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் எழுத்தாளரை நூல் நூற்கும் பெண்ணாகக் காட்டுகிறார்:

"பஞ்சிதன் சொல்லாப் பனுவல் இழையாகச்
செஞ்சொற் புலவனே சேயிழையா – எஞ்சாத
கையேவா யாகக் கதிரே மதியாக
மையிலா நூல்முடியு மாறு"

சொற்கள் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கிற பெண், வாய் கை, அறிவு கதிர், அதாவது நூலைச் சுற்றுகிற ராட்டைக் கம்பி. கதிரை அறிவாக வைத்ததைக் கவனியுங்கள். பஞ்சு எவ்வளவு இருந்தாலும் கதிர் சீராகச் சுற்றாவிட்டால் இழை ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலிந்து அறும்.

ஆனால் தையல்நாயகி அம்மா எழுப்பிய கேள்வி இந்த வெண்பாவில் இல்லை. நூற்பவள் இழையைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே போகிறாள். வெட்டுதல், பிரித்தல், ஒட்டுதல் எதுவும் அவள் வேலையில் வருவதில்லை. அவை வேறோர் இடத்தில் வருகின்றன. அதே பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்கள் சொல்லப்படுகின்றன. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. இவற்றைப் படிக்கும்போது ஒருவர் முடிந்த பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போலவே எனக்குத் தோன்றும். முதல் இரண்டைப் பாருங்கள், குறைத்துச் சொல்வதும் கூட்டிச் சொல்வதும். ஒன்று இறுக்கிப் பிடிக்கிறது, ஒன்று தொளதொளக்கிறது.

இக்காலச் சிறுகதைகளில் நான் அதிகம் காண்பது "சென்று தேய்ந்து இறுதல்". நன்றாகத் தொடங்கி, நடுவில் தளர்ந்து, கடைசிப் பக்கத்தில் ஆசிரியருக்கே சலித்துப்போய் முடிந்துவிடுகிற கதைகள். முதல் பத்தியைப் பலமுறை திருத்துகிறவர்கள் கடைசிப் பக்கத்தை ஒருமுறைதான் எழுதுகிறார்கள்.

ஒட்டுப்போடுவதற்கும் சான்று உண்டு. சங்க நூலான பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் வந்த பொருநன் என்ற கலைஞன் உடுத்தியிருப்பது "வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்". கிழிந்த இடத்தை வேறு நூலால் தைத்துத் தைத்துச் சிதைந்த கந்தல். அதைக் களைந்துவிட்டு அரசன் கொடுக்கிற ஆடையோ "நோக்கு நுழைகல்லா நுண்மைய", இழை போகும் வழியைக் கண்ணால் தொடர முடியாத நுண்மை உடையது. பிறர் எழுத்தைத் திருத்திக் கொடுக்கும்போது இந்த இரண்டு அடிகளும் எனக்கு அளவுகோலாக இருக்கின்றன. நான் சேர்த்த சொல் வேற்றிழையாகத் துருத்திக்கொண்டு நின்றால் திருத்தம் தோற்றது.

---

பனியன்நகர் எழுதியது:

திருப்பூரில் ஏற்றுமதி யூனிட் ஒன்றில் வேலை செய்கிறேன். கவிதையும் எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் பேசுவது ஒரே ஆள் அளவெடுத்து, வெட்டி, தைத்து, கொக்கி வைத்து, அயர்ன் செய்து முடிக்கிற தையல். வீட்டில் ஆசைக்குத் தைக்கிறவரின் தையல். எங்கள் இடத்தில் ஒரு பனியனைப் பல பேர் சேர்ந்து முடிக்கிறோம். ஒருவர் தோள் மட்டும் மூட்டுவார். ஒருவர் கை மட்டும் ஏற்றுவார். கழுத்துப் பட்டி இன்னொருவர். அடி மடிப்பு வேறொருவர். நாள் முழுவதும் ஒரே தையல்தான். கை பழகிவிடும். ஆனால் முழு உடுப்பும் அவர் கண்ணில் படாது. எழுத்தைக் கைத்தொழில் என்று சொல்லும்போது எந்தத் தொழிலைச் சொல்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொழுதுபோக்காகத் தைப்பவருக்குக் கிடைக்கிற நிறைவு பீஸ் ரேட்டுக்கு, அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைப்பவருக்குக் கிடைக்காது. அந்த நிறைவை வைத்து மட்டும் தொழிலைப் பற்றிப் பேசினால் எங்களைப் போன்றவர்கள் வெளியே நிற்கிறோம்.

இதைச் சொல்லிவிட்டு, என் வேலையிலிருந்து மூன்று விஷயங்களைத் தருகிறேன். எழுதும்போது இவை எனக்கு உதவுகின்றன.

ரோலாக வந்த பனியன் துணியை உடனே வெட்டமாட்டோம். சுற்றும்போது இழுத்துச் சுற்றியிருப்பார்கள். பிரித்துப் போட்டு ஒரு நாளாவது ஓய்வுக்கு விட வேண்டும். துணி தன் இயல்பான அளவுக்குச் சுருங்கிக்கொள்ளும். அவசரப்பட்டு அன்றே வெட்டினால் தைத்த பிறகு அளவு குறையும். எழுதி முடித்த வேகத்தில் ஒரு கவிதையைத் திருத்தவே கூடாது என்று நான் வைத்திருப்பது இதனால்தான். அந்த நேரத்தில் அது இழுபட்ட நிலையில் இருக்கிறது. அதன் உண்மையான நீளம் மறுநாள்தான் தெரியும்.

துணி எதுவோ அதற்கேற்ற தையல். நேர்த்தையலில் மேல் நூலும் அடியிலிருந்து வரும் பாபின் நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்கின்றன. நெய்த துணிக்கு அது உறுதி. அதையே பனியன் துணியில் போட்டால் தலையை நுழைக்கும்போதே பட்டென்று அறும், ஏனென்றால் துணி நீள்கிறது, தையல் நீள்வதில்லை. அதற்குத்தான் துணியோடு நீளும் ஓவர்லாக், பேட்லாக் தையல்கள் எல்லாம். சிறுவன் ஒருவன் சொல்வதாக எழுதிய கதையில் நீதிமன்றத் தீர்ப்புக்குரிய வாக்கியங்களைப் படிக்கும்போது எனக்கு இந்த அறுந்த தையல்தான் நினைவுக்கு வருகிறது. தையலில் குறை இல்லை. அந்தத் துணிக்கு அது ஆகாது.

மூன்றாவது செக்கிங். தைத்தவர்களே செக்கிங் பார்ப்பதில்லை. பெரும்பாலும் பெண்கள்தான் அந்த மேஜையில் இருப்பார்கள். துளை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எங்கே இருந்தாலும் சின்ன ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். ஏன் இப்படித் தைத்தாய் என்று கேட்பதில்லை. ஸ்டிக்கர் மட்டும்தான். தைத்தவரும் வாதாடுவதில்லை. நம் குழுக்களில் கதையைப் பற்றிக் கருத்துச் சொல்கிறவர்கள் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டால் நல்லது. எங்கே என்று காட்டுங்கள். கதாசிரியரின் குணத்தை ஆராய வேண்டாம்.

---

தையல்நாயகி எழுதியது:

தம்பி, கூலித் தையலைப் பற்றிச் சொன்னது முழுக்க நியாயம். ரவிக்கைக்குக் கொக்கி வைத்து எம்மிங் (ஓர மடிப்புத் தையல்) செய்து கொடுக்கிற பெண்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் இதைப் பொழுதுபோக்கு என்று சொல்லமாட்டார்கள். எழுத்திலும் கூலி வேலை இருக்கிறது. விளம்பர வாசகம் எழுதுகிறவர், பத்திரிகையில் பிறர் செய்தியைச் சுருக்குகிறவர், பெயர் வராமல் உரை எழுதித் தருகிறவர். அவர்கள் கைக்கும் பயிற்சி உண்டு. அவர்களிடமிருந்துதான் நான் அதிகம் கற்றேன் என்று சொல்கிற கதாசிரியர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஸ்டிக்கர் யோசனையை இந்த இழையிலேயே முயன்று பார்ப்போமா? யாராவது ஒரு பத்தியைக் கொடுங்கள்.

---

வடமராட்சி வாசகன் எழுதியது:

பத்தி வருவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழுத்தையும் தையலையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டையும் ஒரே கையால் செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் 1804 வாக்கில் தொடங்கி முடிக்காமல் விட்ட "தி வாட்சன்ஸ்" நாவலின் கையெழுத்துப் படியில் பெரும்பகுதியை ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள பாட்லியன் நூலகம் 2011இல் ஏலத்தில் வாங்கியது. சின்னச் சின்னத் தாள்கள், ஓரம் விடாமல் நெருக்கி எழுதியவை. திருத்தம் எழுத இடமே இல்லை. அதனால் ஆஸ்டின் என்ன செய்தார் என்றால், புதிய வரிகளைத் தனித் துண்டுத் தாளில் எழுதி, அவை சேரவேண்டிய இடத்தின்மேல் வைத்துக் குண்டூசியால் குத்திவிட்டார். அப்படி மூன்று ஒட்டுகள் அந்தப் படியில் இருந்தன. அவருடைய ஊசி வேலை மிக நேர்த்தியானது என்று அவருடைய அண்ணன் மகன் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அவரும் தாயும் அக்காளும் சேர்ந்து தைத்த ஒட்டுத்துணிப் போர்வை அவர்கள் வாழ்ந்த சாட்டன் வீட்டில் இன்றும் காட்சிக்கு இருக்கிறது. தைப்பதற்கு முன் துணியைக் குண்டூசியால் பிடித்து நிறுத்திப் பார்க்கிற அதே பழக்கம் அவருடைய காகிதத்துக்கும் போயிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் இன்னும் ஒருபடி மேலே. மடித்த தாள்களில் கவிதைகளைப் படியெடுத்து, அடுக்கி, ஓரத்தில் துளையிட்டு, நூல் கோத்துக் கட்டி வைத்தார். அப்படி 40 சிறு கையேடுகள், ஏறக்குறைய 800 கவிதைகள். 1886இல் அவர் இறந்த பிறகுதான் தங்கை லவினியா அவற்றைக் கண்டெடுத்தார். முதலில் பதிப்பித்தவர்கள் நூலை அவிழ்த்துத் தாள்களைப் பிரித்துவிட்டார்கள். எந்தக் கவிதைக்குப் பின் எந்தக் கவிதை என்று அவர் வைத்த வரிசை குலைந்துபோயிற்று. ஆய்வாளர் ஆர். டபிள்யூ. ஃபிராங்க்ளின் அந்த வரிசையை மீட்டு 1981இல் வெளியிட்டார். அதற்குத் துணை செய்தவற்றில் தாளில் இருந்த ஊசித் துளைகளும் உண்டு. அக்கா பட்டைப் பற்றிச் சொன்னதும் எனக்கு நினைவு வந்தது இதுதான். துளை மூடாமல் இருந்ததால் வரிசை பிழைத்தது.

மூன்றாமவர் புகழ்பெற்றவர் அல்லர். எலிசபெத் பார்க்கர் என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதிப் பெண். வீட்டு வேலைக்குப் போனவர். 1830 வாக்கில் ஒரு லினன் துணியில் சிவப்புப் பட்டு நூலால், குறுக்குத் தையலில், தன் வாழ்க்கையையே தைத்தார். எஜமானர் இழைத்த கொடுமை, உயிரை விட நினைத்தது, மனச்சான்றின் வதை எல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு எழுதத் தெரியாது, ஆகவே நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசுவது போல இதை இங்கே பதிக்கிறேன் என்ற பொருளில் அது தொடங்குகிறது. அலங்காரப் பூ இல்லை, கரை இல்லை, வரி வரியாக எழுத்து மட்டும். என் ஆன்மா என்னவாகும் என்று கேட்கிற இடத்தில் பாதி வரியில் நின்றுவிடுகிறது. கீழே துணி வெறுமையாக இருக்கிறது. லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அதைப் பாதுகாக்கிறார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் பல தையல் போட வேண்டியிருந்தும் அவர் ஒன்றையும் சுருக்கவில்லை.

---

செங்காந்தள் எழுதியது:

எலிசபெத் பார்க்கரைப் பற்றி இப்போதுதான் அறிகிறேன். நன்றி அண்ணா.

ஆனால் அவர் என் பக்கத்துச் சாட்சி. அந்தத் துணியை யாராவது "சென்று தேய்ந்து இறுதல்" என்று சொல்லிப் பிரித்துத் திருத்தச் சொல்வார்களா? அது பாதியில் நிற்பதுதான் அதன் உண்மை. சில எழுத்துகளைப் பிரிக்கக்கூடாது. நாட்குறிப்பு, கடிதம், வாக்குமூலம் இவற்றைச் செப்பனிட்டால் எழுதியவர் நம்மைவிட்டுப் போய்விடுவார். எல்லாவற்றையும் திருத்தியே தீர வேண்டும் என்ற பிடிவாதம் இந்த இழையில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

நியாயமான வரம்பு. ஆனால் கதை எழுதுகிறவர் வாக்குமூலம் கொடுப்பதில்லை. பிறர் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு வருகிறார். எடுத்துக்கொண்ட பொருளுக்கு அவர் பொறுப்பு.

---

புதுப்பேனா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் எழுதிக்கொண்டிருக்கும் கதையின் முதல் பத்தியைத் தருகிறேன். ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

"மருந்துக் கடையில் கூட்டம் அதிகமாக இருந்தது. பாக்கியம் மிகுந்த கவலையுடன் மருந்துச் சீட்டை நீட்டினாள். கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு ஆறு வகை மாத்திரைகளை எடுத்து வைத்தார். தன்னிடம் போதுமான பணம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. 'எல்லாம் பத்து நாளைக்குப் போடட்டுமா?' என்று அவர் கேட்டார். 'மூன்று நாளைக்குப் போதும்' என்று அவள் தயக்கத்துடன் சொன்னாள். வறுமை மனிதர்களை எவ்வளவு தூரம் துரத்துகிறது!"

---

தையல்நாயகி எழுதியது:

துணி நல்ல துணி. மூன்று நாளைக்குப் போதும் என்கிற அந்த ஒரு பேச்சில் முழுக் கதையும் இருக்கிறது. என் ஸ்டிக்கர்கள் இவை.

"மிகுந்த கவலையுடன்", "தயக்கத்துடன்" இரண்டும் தையலின் மேல் போட்ட இன்னொரு தையல். பேச்சே தாங்குகிற இடத்தில் அவை எதற்கு? கடைசி வாக்கியத்தை முழுவதுமாகப் பிரிக்கலாம். அது பாக்கியத்தின் குரல் இல்லை, கடைக்காரரின் குரலும் இல்லை. வெளியிலிருந்து வந்த யாரோ பேசுகிறார். பணம் இல்லை என்ற வாக்கியமும் வேண்டாம், அடுத்த பேச்சு அதைச் சொல்லிவிடுகிறது.

பிரித்துச் சேர்த்தால் இப்படி வருகிறது:

"மருந்துக் கடையில் கூட்டம். பாக்கியம் சீட்டை நீட்டினாள். கடைக்காரர் ஆறு வகை மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டு, 'எல்லாம் பத்து நாளைக்குப் போடட்டுமா?' என்றார். 'மூன்று நாளைக்குப் போதும்.'"

---

செங்காந்தள் எழுதியது:

அக்கா, இதில் தளர்வு போய்விட்டது. நீங்கள் சொன்ன விதியாலேயே சொல்கிறேன்.

பணம் இல்லை என்ற வாக்கியத்தில் நீங்கள் கவனிக்காத ஒன்று இருந்தது. "தெரிந்திருந்தது" என்ற சொல். பாக்கியத்துக்குக் கடை வாசலில் திடீரென்று தெரியவில்லை, முன்பே தெரியும். தெரிந்துகொண்டே வரிசையில் நிற்கிறாள். அது அவளுடைய துணிவு. அதை நீக்கியதும் அவள் வெறும் பணமில்லாதவளாக ஆகிவிட்டாள். பத்தி சுருங்கியது, ஆளும் சுருங்கிவிட்டாள். அந்த வாக்கியத்தைத் தூக்கி எறியாமல் முன்னால் கொண்டுபோகலாம்.

---

பனியன்நகர் எழுதியது:

நானும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். மாசக் கடைசியில் இப்படி மாத்திரை வாங்குகிறவர்கள் எல்லா மாத்திரையையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. எதை நிறுத்தினால் ஆபத்து, எதைத் தள்ளிப்போடலாம் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கும். சத்து மாத்திரை முதலில் போகும். சர்க்கரை மாத்திரையை விடமாட்டார்கள். அந்தத் தேர்வு பத்தியில் வர வேண்டும். அது வந்தால் கவலை என்றும் தயக்கம் என்றும் எழுதத் தேவையே இருக்காது.

அப்புறம், மூன்று நாளைக்கு என்றால் கடைக்காரர் அட்டையைக் கத்தரியால் வெட்டித்தான் கொடுப்பார்.

---

தையல்நாயகி எழுதியது:

செங்காந்தள் சொன்னதை ஏற்கிறேன். அந்த வாக்கியம் இருக்க வேண்டியதே, இடம்தான் மாற வேண்டும். தம்பி சொன்ன கணக்கு இந்தப் பத்திக்கு டாட் பிடித்த மாதிரி, அதாவது துணியைக் கூராக மடித்துத் தைத்த மாதிரி. தட்டையான துணிக்கு உடம்பின் வடிவம் அதில்தான் வருகிறது.

---

புதுப்பேனா எழுதியது:

எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு மறுபடி எழுதினேன்.

"வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பாக்கியம் கணக்குப் போட்டிருந்தாள். மருந்துக் கடையில் கூட்டம். தன் முறை வந்ததும் சீட்டை நீட்டினாள். கடைக்காரர் ஆறு வகை மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்து, 'பத்து நாளைக்குத்தானே?' என்றார்.

'மூன்று நாளைக்குக் கொடுங்கள். இந்த வெள்ளை மாத்திரை மட்டும் பத்து நாளைக்கு. சத்து மாத்திரை வேண்டாம்.'

அவர் கத்தரியை எடுத்தார்."

ஒரு சந்தேகம். வெள்ளை மாத்திரை யாருக்கு என்று இங்கேயே சொல்லிவிட வேண்டுமா? அது அவளுடைய மாமியாருக்கு. மற்றவை அவளுக்கு. மூன்றாம் பத்தியில் அது தெரியவரும்.

---

செங்காந்தள் எழுதியது:

சொல்ல வேண்டாம். ஒரே சீட்டில் இரண்டு பேருக்கு மருந்து எழுதமாட்டார்கள் என்பதை மட்டும் பாருங்கள். "சீட்டுகளை நீட்டினாள்" என்று வைத்துவிட்டால் போதும். கூர்ந்து படிப்பவருக்கு அங்கேயே ஒரு முனை கிடைக்கும், மற்றவர்களுக்கு மூன்றாம் பத்தியில் கிடைக்கும்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

"கணக்குப் போட்டிருந்தாள்" நன்று. "தன் முறை வந்ததும்" என்பதில் "தன்" தேவையில்லை. மாமியார் மூன்றாம் பத்தியில் வருகிறார் என்றால் இரண்டாம் பத்தியில் என்ன நடக்கிறது? "மற்றொன்று விரித்தல்", அதாவது சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிப்பது, அங்கேதான் நுழையும்.

---

புதுப்பேனா எழுதியது:

இரண்டாம் பத்தியில் அவள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள். நிறுத்தத்தைப் பற்றிய வருணனைதான், கொஞ்சம் நீளம். அதை இன்றிரவு பிரித்துப் பார்க்கிறேன், ஐயா. நாளை இரண்டையும் மூன்றையும் சேர்த்து இங்கேயே போடுகிறேன்.

---

தையல்நாயகி எழுதியது:

நாளை வேண்டாம். பனியன்நகர் சொன்னபடி ஒரு நாள் ஓய்வுக்கு விட்டு, நாளை மறுநாள் போடுங்கள். பிரித்த வரிகளை அழிக்காமல் தனியாக எடுத்து வையுங்கள். நிறுத்தத்தில் ஏதாவது ஒரு வரி கதையின் பிற்பகுதிக்குப் பயன்படலாம்.